ஒரு முழக் கயிற்றுக்குள் இருக்கும் யோசனை

"ஆதி மனிதர்கள் செய்த கல் கருவிகளையும் மணிகளையும் வைத்து அவர்கள் எப்படி யோசித்தார்கள் என்று சொல்ல முடியுமா? அவர்களுடைய அறிவு சின்னக் குழந்தையின் அறிவு போல இருந்ததா? இன்றும் வேட்டையாடி வாழும் மக்களைப் பார்ப்பது ஆதி மனிதனை நேரில் பார்ப்பது போலத்தானா?" இதுதான் கேள்வி. முதல் பகுதிக்கு என் பதில், ஓரளவு முடியும் என்பது. பலரும் நினைப்பதைவிட நிறையவே முடியும். மற்ற இரண்டுக்கும் இல்லை என்று உறுதியாகச் சொல்வேன். ஏன் என்பதைக் கொஞ்சம் விரிவாகப் பார்ப்போம்.

முதலில் 'கற்காலம்' என்ற பெயர். கோபன்ஹேகன் அருங்காட்சியகத்தில் குவிந்து கிடந்த பழம்பொருள்களை ஒழுங்குபடுத்த வேண்டியிருந்த கிறிஸ்டியன் தாம்சன், அவற்றைக் கல், வெண்கலம், இரும்பு என்று மூன்று காலங்களாகப் பிரித்தார். 1836-இல் அது அச்சில் வந்தது. அடுக்கி வைப்பதற்கு அருமையான வழி. ஆனால் மண்ணுக்குள் மக்காமல் எது எஞ்சியதோ அதன் பெயரையே அந்தக் காலத்துக்குச் சூட்டிவிட்டோம். அந்த மனிதர்களின் கையில் கல்லைவிட மரமும் நாரும் தோலும் புல்லும்தான் அதிகம் புழங்கின.

இதற்கு நல்ல சாட்சி ஏட்சி. 1991-இல் ஆல்ப்ஸ் மலையில் பனிக்குள் கிடைத்த, சுமார் 5,300 ஆண்டுகளுக்கு முன் இறந்த மனிதர். அவரிடம் ஒரு செப்புக் கோடரி இருந்தது, சிறிய கல் கத்தி இருந்தது. அவற்றோடு, முடிக்கப்படாத ஒரு வில், அம்பறாத்தூணி, மரப்பட்டை நாரால் பின்னிய கத்தியுறை, பூர்ஜ மரப்பட்டையில் தைத்த பெட்டிகள், தீ பற்றவைக்க உதவும் காளான், தோலாடை, புல் திணித்த காலணி எல்லாம் இருந்தன. பட்டைப் பெட்டி ஒன்றில் தணலைப் பச்சை இலையில் சுற்றி எடுத்துச் சென்ற தடயம்கூட இருக்கிறது. அதே மனிதர் சாதாரண மண்ணில் இறந்து கிடந்திருந்தால் நமக்குக் கிடைத்திருப்பது செம்பும் சில கல் துண்டுகளும் மட்டுமே. அவரைப் பற்றி என்ன எழுதியிருப்போம் என்று யோசித்துப் பாருங்கள். அவருக்கு ஆயிரமாயிரம் ஆண்டுகள் முந்தியவர்களைப் பற்றி நாம் எழுதியதெல்லாம் பெரும்பாலும் அப்படி எழுதியதுதான்.

சரி, கல்லுக்கே வருவோம். கென்யாவின் லொமெக்வியில் கிடைத்த கருவிகளுக்கு வயது 33 லட்சம் ஆண்டுகள். 2015-இல் இது வெளிவந்தது. மனித இனம் என்று நாம் சொல்லும் ஹோமோ வகைக்கும் முந்தைய காலம் அது. 'கல்லை உடைப்பதில் என்ன இருக்கிறது' என்று கேட்பவர்கள் பலர். ஒருமுறை உடைத்துப் பார்த்தால் அந்தக் கேள்வி எழாது. எல்லாக் கல்லும் உதவாது. சிக்கிமுக்கிக் கல், எரிமலைக் கண்ணாடி, நல்ல குவார்ட்சைட் போல, கண்ணாடி உடைவது மாதிரி உடைகிற கல் வேண்டும். அடிக்கும் விளிம்பின் கோணம் தொண்ணூறு பாகைக்குள் இருக்க வேண்டும். விளிம்பின் நுனியில் அடித்தால் பொடியாகும். ரொம்ப உள்ளே தள்ளி அடித்தால் அடி கல்லுக்குள்ளேயே அடங்கிவிடும். சரியான இடத்தில் சரியான சாய்வில் அடித்தால், கத்தி போன்ற செதில் ஒன்று கழன்று உள்ளங்கையில் விழும். அந்தச் சத்தமே வேறு மாதிரி இருக்கும்.

கான்சி என்ற போனோபோ குரங்குக்கு நிக்கோலஸ் டோத் என்ற ஆய்வாளர் 1990-களில் இதைக் கற்றுக்கொடுத்துப் பார்த்தார். கூரிய செதில் எதற்கு என்று கான்சிக்கு நன்றாகப் புரிந்தது. அதை வைத்துக் கயிற்றை அறுத்துப் பெட்டியைத் திறந்து தின்பண்டம் எடுத்தது. ஆனால் செதில் எடுக்க, கல்லைத் தூக்கிக் கடினமான தரையில் எறிவதே அதற்கு எளிய வழியாக இருந்தது. கோணம் பார்த்து அடிக்கும் கைப்பக்குவம் அதற்குக் கடைசிவரை முழுமையாகக் கூடவில்லை. மிகப் பழைய கருவிகளைச் செய்தவர்களிடம் அந்தப் பக்குவம் இருந்தது.

அப்புறம் வந்தது கைக்கோடரி. ஆப்பிரிக்காவில் சுமார் 17.6 லட்சம் ஆண்டுகளுக்கு முன்பே தொடங்கிவிட்டது. தமிழகத்து அத்திரம்பாக்கத்தில் கிடைத்தவை 15 லட்சம் ஆண்டுப் பழமையானவை. இரு பக்கமும் செதுக்கி, நீர்த்துளி வடிவில், நடுக்கோட்டுக்கு இருபுறமும் ஒத்திருக்கும்படி செய்தது. அந்த ஒப்புமையில்தான் எனக்கு ஆர்வம். ஆற்றங்கரையில் கிடைத்த உருண்டைக் கல்லுக்குள் அந்த வடிவம் இல்லை. அது செய்பவரின் மனதில் இருக்கிறது. ஒரு செதிலை எடுப்பதற்கு முன் அதற்கு இடம் பண்ண வேறு இரண்டு செதிலை எடுக்க வேண்டியிருக்கும், விளிம்பைத் தேய்த்துப் பலப்படுத்த வேண்டியிருக்கும். மூன்று லட்சம் ஆண்டுகளுக்கு முன்பு பரவிய லெவலுவா முறையில் இது இன்னும் தெளிவு. கல்லின் மேற்பரப்பு முழுவதையும் முதலில் ஆமை ஓடு போலச் செதுக்கிக்கொள்வார்கள். வேண்டிய செதில் அதற்குப் பிறகு ஒரே அடியில் வரும். அதுவரை கொடுத்த அத்தனை அடியும் அந்த ஓர் அடிக்கான ஏற்பாடு.

பிரெஞ்சு அறிஞர் ஆந்த்ரே லெருவா-கூரான் காட்டிய வழி இங்கே மிகவும் உதவும். பொருளை மட்டும் பார்க்காதே, அது உருவான செயல் வரிசையைப் பார் என்பது அவருடைய அணுகுமுறை. மூலப்பொருளை எங்கிருந்து எடுத்தார், எதை முதலில் செய்தார், எங்கே தவறினார், அதை எப்படிச் சரிக்கட்டினார் என்று செதில்களைத் திரும்ப ஒட்டிப் பார்த்தால் ஒவ்வொரு அடியாகப் பின்னோக்கிப் போகலாம். எலும்புக்கூடு ஒருவரின் உயரத்தைச் சொல்லும். ஒட்டிச் சேர்த்த செதில்கள் அவர் அன்று காலையில் எடுத்த முடிவுகளையே சொல்லிவிடும்.

இதைக் கற்பிப்பது எப்படி என்பதும் சோதிக்கப்பட்டிருக்கிறது. 2015-இல் வெளியான ஒரு சோதனையில் 184 பேர் ஆதிகால முறையில் செதில் எடுக்கக் கற்றார்கள். செய்த கருவியை மட்டும் பார்த்துக் கற்றவர்கள், செய்வதைப் பார்த்துக் கற்றவர்கள், சைகையால் கற்றவர்கள், பேச்சால் கற்றவர்கள் என்று பல பிரிவு. வெறுமனே பார்த்துச் செய்ததில் பெரிய பலனில்லை. ஒருவர் பக்கத்தில் இருந்து கற்பித்தபோதுதான் திறமை கூடியது. பேச்சும் சேர்ந்தபோது இன்னும் கூடியது. பல லட்சம் ஆண்டுகள் கைக்கோடரியின் வடிவம் பெரிதாக மாறாமல் வந்ததைச் சிலர் மந்தபுத்திக்கு அடையாளமாகச் சொல்வதுண்டு. எனக்கு அது வேறாகப் படுகிறது. எழுத்து இல்லாமல், தலைமுறைக்குத் தலைமுறை ஒரு வடிவத்தையும் அதைச் செய்யும் முறையையும் சிதையாமல் கைமாற்றிக் கொடுத்திருக்கிறார்கள். அதற்கு ஆசானின் பொறுமையும் மாணவரின் கவனமும் எவ்வளவு வேண்டும்!

நான் உண்மையில் பேச விரும்புவது கயிற்றைப் பற்றி.

பிரான்சில் அப்ரி டு மாராஸ் என்ற பாறை ஒதுங்கிடம். அங்கே ஒரு கல் செதிலின் அடியில் ஒட்டியிருந்த கயிற்றுத் துணுக்கு 2020-இல் அறிவிக்கப்பட்டது. நீளம் சுமார் 6 மில்லிமீட்டர்தான். வயது 41,000 முதல் 52,000 ஆண்டுகள். திரித்தவர்கள் நியாண்டர்தால் மனிதர்கள், நமக்கு நெருங்கிய, பின்னர் அழிந்துபோன ஒரு மனித இனம். நுண்ணோக்கியில் பார்த்தபோது, மரத்தின் உட்பட்டை நாரை மூன்று புரிகளாக ஒரு திசையில் முறுக்கி, அந்த மூன்றையும் சேர்த்து எதிர்த் திசையில் முறுக்கியிருந்தது தெரிந்தது.

அந்த எதிர்த் திசைதான் விஷயம். நாரை ஒரே திசையில் முறுக்கிக்கொண்டே போனால், கையை எடுத்ததும் அது பிரிந்துவிடும். இரண்டு அல்லது மூன்று புரிகளை ஒரு பக்கம் முறுக்கி, அவற்றை ஒன்றன்மேல் ஒன்றாக மறுபக்கம் சுற்றினால், ஒவ்வொரு புரியும் பிரியப் பார்க்கும் விசையே மற்றதை இறுக்கிப் பிடிக்கிறது. முடிச்சும் இல்லை, பசையும் இல்லை. விசையை விசையால் கட்டுவது. இதை முதலில் கண்டவர் யாரோ, சக்கரத்தைக் கண்டவரைவிட ஒரு படி மேலே அவரை வைப்பேன்.

அந்த ஆய்வை எழுதியவர்கள், இப்படித் திரிக்க எண்களைப் பற்றிய அறிவு இருந்திருக்க வேண்டும் என்றார்கள். எனக்கு அது முழுதாக ஏற்பில்லை. கை பழகிவிட்டால் எண்ணாமலே திரிக்கலாம். ஆனால் அவர்கள் சொன்ன மற்றொன்று உறுதியானது: எந்த மரம், எந்தப் பருவத்தில் அதன் உட்பட்டை எளிதாக உரியும், எப்படி நாரைப் பிரிப்பது என்று தெரிந்திருக்க வேண்டும். அதாவது நாளைக்கு வேண்டியதை வசந்தகாலத்திலேயே நினைத்திருக்க வேண்டும். கயிறு வந்துவிட்டால் வலை வருகிறது, கண்ணி வருகிறது, பை வருகிறது, வில்லின் நாண் வருகிறது, குழந்தையை முதுகில் கட்டிக்கொண்டு இரண்டு கையும் வேலை செய்ய முடிகிறது. செக் நாட்டின் டோல்னி வெஸ்டோனிட்ஸ் பகுதியில், களிமண் துண்டுகளில் நெசவும் முடிச்சுமாகப் பதிந்த அச்சுகள் கிடைத்திருக்கின்றன. வயது 26,000 ஆண்டுகளுக்குக் குறையாது. துணி மக்கிவிட்டது, அது அழுந்திய தடம் சுட்ட மண்ணில் நின்றுவிட்டது.

ஜெர்மனியின் ஹோலே ஃபெல்ஸ் குகையில் 2015-இல், மாமூத் என்ற அழிந்துபோன யானை வகையின் தந்தத்தில் செய்த ஒரு கோல் கிடைத்தது. நீளம் 20 சென்டிமீட்டர், வரிசையாக நான்கு துளைகள், ஒவ்வொரு துளைக்குள்ளும் திருகு போன்ற வரிகள். இது போன்றவற்றை முன்பு அணிகலன், குழல், பதவிக்கோல் என்றெல்லாம் சொல்லியிருக்கிறார்கள். ஆய்வாளர்கள் அதன் பிரதியைச் செய்து, நாணல் வகை இலைகளைத் துளைகள் வழியாகச் செலுத்தித் திரித்தார்கள். நான்கைந்து பேர் சேர்ந்தபோது நிமிடங்களில் சில மீட்டர் நீளத்துக்கு உறுதியான தடித்த கயிறு வந்தது. 'பதவிக்கோல்' என்றால் ஒரு தலைவர் நினைவுக்கு வருகிறார். கயிறு திரிக்கும் கருவி என்றால் சேர்ந்து வேலை செய்யும் நாலு பேர் நினைவுக்கு வருகிறார்கள். ஒரு பொருளின் பெயரை மாற்றினால் அந்தச் சமூகமே மாறிவிடுகிறது.

கயிறு போலவே மறைந்துபோகும் இன்னொன்று பசை. கல் முனையை மரக்காம்பில் பொருத்த, பூர்ஜ மரப்பட்டையைச் சூடாக்கித் தார் எடுத்தார்கள். இத்தாலியின் காம்பிடெல்லோவில் கிடைத்தது சுமார் இரண்டு லட்சம் ஆண்டுப் பழமை. காற்றுப் படாமல் பட்டையைச் சுட வேண்டும் என்பதால் இது நியாண்டர்தால்களின் பெரிய சிந்தனைக்குச் சான்று என்றார்கள். 2019-இல் வந்த ஒரு சோதனை, தட்டையான கல்லின் பக்கத்தில் பட்டையை எரித்தாலே கல்லின்மேல் தார் படியும், சுரண்டி எடுத்துக்கொள்ளலாம் என்று காட்டியது. உடனே, 'அப்படியானால் பெரிய யோசனை தேவையில்லை' என்று பேச்சு மாறியது. ஆனால் 2023-இல், ஜெர்மனியின் கோனிக்ஸாவில் கிடைத்த தாரை வேதியியல் முறையில் பார்த்தபோது, அது மண்ணுக்கடியில் காற்றை அடைத்துச் செய்த முறையோடு ஒத்துப்போனது. எளிய வழியிலிருந்து சிக்கலான வழிக்கு அவர்களே படிப்படியாக வந்திருக்கலாம். இரண்டு முடிவுகளையும் ஒரே ஆய்வுக்குழு வெளியிட்டது என்பது எனக்குப் பிடித்த விஷயம்; தங்கள் முந்தைய முடிவைக் கட்டிக்கொண்டு அவர்கள் நிற்கவில்லை.

தென்னாப்பிரிக்காவின் சிபுடு குகையில் 70,000 ஆண்டுகளுக்கு முன் மரப்பிசினோடு காவிக்கல் பொடியைக் கலந்து ஒட்டியிருக்கிறார்கள். லின் வாட்லி என்ற ஆய்வாளர் அதைத் தானே செய்து பார்த்தார். தீக்கு ரொம்பப் பக்கத்தில் வைத்தால் பசை கொப்பளித்துப் பலமிழக்கிறது. தள்ளி வைத்தால் இறுகுவதில்லை. பிசினின் ஈரம் ஒவ்வொரு தடவையும் மாறுவதால் பொடியின் அளவும் மாற வேண்டும். எழுதி வைத்த அளவு இங்கே பயன்படாது. தமிழில் இதற்கு அழகான சொல் இருக்கிறது: பதம். பதம் பார்ப்பது என்றால் கண்ணும் விரலும் சேர்ந்து யோசிப்பது. ஆதி மனிதர்களின் அறிவைப் பற்றிப் பேசும்போது நாம் தேட வேண்டியது இந்தப் பதம் பார்க்கும் அறிவைத்தான்.

மரவேலையையும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். ஜெர்மனியின் ஷோனிங்கனில் 1990-களில் கிடைத்த மர ஈட்டிகள் இரண்டு முதல் மூன்று லட்சம் ஆண்டுப் பழமை. மரத்தின் கெட்டியான அடிப்பகுதி முனையாக வரும்படி செதுக்கியவை. ஜாம்பியாவின் கலம்போ அருவியருகே, வெட்டிய பள்ளத்தில் ஒன்றன்மேல் ஒன்று பொருந்தும் இரண்டு கட்டைகள் கிடைத்தன. வயது சுமார் 4,76,000 ஆண்டுகள். நம் இனமான ஹோமோ சேப்பியன்ஸ் தோன்றும் முன்பே யாரோ மரத்தில் மூட்டுப் போட்டிருக்கிறார்கள்.

இனி இரண்டாவது கேள்வி. 'ஆதி மனிதன் குழந்தை' என்ற எண்ணம் எங்கிருந்து வந்தது? கருவின் வளர்ச்சி இனத்தின் வரலாற்றைத் திரும்ப நடித்துக் காட்டுகிறது என்று உயிரியலாளர் எர்ன்ஸ்ட் ஹெக்கல் 1866-இல் சொன்னார். உயிரியலில் அந்தக் கருத்து அந்த வடிவில் நிலைக்கவில்லை. ஆனால் மனதைப் பற்றிய பேச்சில் ஒட்டிக்கொண்டது. மானுடவியலாளர் எட்வர்ட் டைலர் 1871-இல், எல்லாப் பொருளிலும் உயிர் இருப்பதாக நினைப்பதே மதத்தின் தொடக்கம் என்றார். பிரெஞ்சுத் தத்துவ அறிஞர் லூசியன் லெவி-ப்ரூல் 1910-இல் இன்னும் ஒரு படி போய், 'பழங்குடி' மனம் தர்க்கத்துக்கு முந்தையது என்றார். அவர் தன் கடைசிக் காலக் குறிப்பேடுகளில் அந்தக் கருத்தைக் கைவிட்டார் என்பதை அவரை மேற்கோள் காட்டும் பலர் சொல்வதில்லை. மானுடவியலாளர் ஃபிரான்ஸ் போவாஸ் 1911-லேயே, மனதின் அடிப்படைத் திறன் எல்லா மனிதர்களுக்கும் ஒன்றே என்று அழுத்தமாக வாதிட்டார். 1962-இல் இன்னொரு மானுடவியலாளர் கிளாட் லெவி-ஸ்ட்ராஸ், செடிகொடிகளையும் விலங்குகளையும் அம்மக்கள் வகைப்படுத்தும் நுணுக்கம் வயிற்றுக்காக மட்டும் பிறந்ததல்ல, அறிந்துகொள்ளும் ஆசையில் பிறந்தது என்றார்.

இவர்களில் பலரும் சடங்கையும் கதையையும் வைத்தே பேசினார்கள். கையைப் பார்த்தவர்கள் குறைவு. பார்த்தவர் மானுடவியலாளர் பிரோனிஸ்லாவ் மாலினோவ்ஸ்கி. 1915-க்கும் 1918-க்கும் இடையே, நியூ கினிக்கு அருகிலுள்ள ட்ரோபிரியாண்ட் தீவுகளில் தங்கியிருந்தபோது அவர் ஒன்றைக் கவனித்தார். அமைதியான உப்பங்கழியில் மீன் பிடிக்கும்போது அம்மக்கள் மந்திரம் எதுவும் சொல்வதில்லை. ஆபத்தான ஆழ்கடலுக்குப் போகும்போது விரிவான மந்திரச் சடங்கு உண்டு. படகு கட்டும்போது மந்திரமும் உண்டு, தச்சு வேலையும் உண்டு. ஒன்று மற்றதற்குப் பதிலாக வருவதில்லை. மந்திரம் சொல்லிவிட்டோம் என்று யாரும் ஓட்டையை அடைக்காமல் விடுவதில்லை. குழந்தைத்தனமான மனம் இப்படிப் பிரித்துப் பார்க்காது. தங்கள் திறமை எதுவரை செல்லும், எதற்கு மேல் செல்லாது என்று தெளிவாக அறிந்தவர்கள் அவர்கள்.

நம்பிக்கைகளைப் பொருள்களிலிருந்து படிக்கும்போது மட்டும் நிதானம் வேண்டும். ஜெர்மனியின் ஹோலன்ஸ்டைன்-ஸ்டாடல் குகையில் கிடைத்த சிங்க மனிதன் சிலை, 31 சென்டிமீட்டர் உயரம், மாமூத் தந்தம், சுமார் 40,000 ஆண்டு. கல் கருவியால் அதன் பிரதியைச் செதுக்க 350 மணி நேரத்துக்கு மேல் ஆனது. சிங்கத் தலையும் மனித உடலும் கொண்ட உயிரை யாரும் காட்டில் கண்டதில்லை; ஆகவே இல்லாததை நினைக்கவும், அதற்காக அத்தனை நாள் உழைக்கவும் அவர்களால் முடிந்தது. அதுவரை சொல்லலாம். அது கடவுளா, முன்னோரா, கதைமாந்தரா என்று தந்தம் சொல்லாது. ரஷ்யாவின் சுங்கிர் கல்லறைகளில் பெரியவர் ஒருவரோடும் இரண்டு சிறுவர்களோடும் பத்தாயிரத்துக்கு மேற்பட்ட தந்த மணிகள் புதைக்கப்பட்டிருந்தன. ஒரு மணியைச் செய்ய ஏறத்தாழ ஒரு மணி நேரம். சிறுவர்களுக்காக இத்தனை ஆயிரம் மணி நேரம் உழைத்த அந்தக் கைகளின் துக்கம் எனக்குத் தெளிவாகவே கேட்கிறது. மறுபக்கம் ஈராக்கின் ஷனிதார் குகை. நியாண்டர்தால் ஒருவரை மலர்களோடு புதைத்தார்கள் என்று மகரந்தத்தை வைத்துச் சொன்னார்கள், உலகமே நெகிழ்ந்தது. அந்த மகரந்தம் வளை தோண்டும் எலி வகையாலோ தேனீக்களாலோ வந்திருக்கலாம் என்ற மறுப்பு பின்னர் வந்தது. நாம் ஆசைப்படுவதைப் படித்துவிடும் ஆபத்து எப்போதும் உண்டு.

மூன்றாவது கேள்விக்குச் சுருக்கமாகவே பதில் போதும். ஆப்பிரிக்காவின் தெற்கே கலஹாரி பாலைவனத்தில் வேட்டையாடி வாழ்ந்த சான் மக்கள் பல தலைமுறைகளாக இரும்பு அம்பு முனைகளைப் பயன்படுத்தியவர்கள், ஆடுமாடு வளர்ப்பவர்களோடு பண்டமாற்று செய்தவர்கள். மானுடவியலாளர் ரிச்சர்ட் லீ 1960-களில் அவர்களிடையே கணக்கெடுத்தபோது உணவு தேட வாரத்துக்கு 20 மணி நேரத்துக்குள்தான் ஆனது. இதை வைத்து, ஆதி வாழ்க்கையே ஓய்வும் நிறைவுமானது என்று ஒரு பெரிய கருத்து எழுந்தது. பிறகு கருவி செய்வது, பழுதுபார்ப்பது, சமையல், விறகு எல்லாவற்றையும் சேர்த்தபோது அது 40 மணி நேரத்தைத் தொட்டது. கைவினையை வேலைக் கணக்கில் சேர்க்க மறந்தோம் என்பது எனக்கு முக்கியமான பாடம். கலிபோர்னியாவின் இஷி, தன் யாஹி இனம் கொன்றழிக்கப்பட்ட பின் 1911-இல் தனியே வெளியே வந்தவர். 1916-இல் இறக்கும்வரை அருங்காட்சியகத்தில் பார்வையாளர்கள் முன் அம்பு முனை செய்து காட்டினார். பலர் அவரைக் கற்கால மனிதர் என்று பார்க்க வந்தார்கள். அவரோ உடைந்த பாட்டில் கண்ணாடியில் அற்புதமான முனைகளைச் செய்தார். எரிமலைக் கண்ணாடியின் பதம் தெரிந்த கைக்குப் புதிய கண்ணாடியின் பதமும் தெரிந்தது. அவர் இருபதாம் நூற்றாண்டின் மனிதர், அந்த நூற்றாண்டின் பொருளை வைத்து யோசித்தவர்.

கடைசியாக, இதையெல்லாம் படிப்பதோடு நிறுத்தாமல் கயிறாவது திரித்துப் பாருங்கள். ஞெலிகோல் என்று பழந்தமிழில் சொல்லும் தீக்கடைகோல் கைவர நாளாகும். கல் செதுக்கக் கண்ணாடியும் கையுறையும் வேண்டும், செதில் கையைக் கிழிக்கும். கயிற்றுக்கு எதுவும் வேண்டாம். காய்ந்த நாரைத் தண்ணீரில் கொஞ்சம் நனைத்து எடுங்கள். நடுவில் அல்லாமல் சற்று ஓரத்தில் பிடித்து, மடங்கும்வரை முறுக்குங்கள். இப்போது கையில் இரண்டு புரி. மேலே இருக்கும் புரியை உங்களுக்கு எதிர்ப்பக்கமாக முறுக்கி, அப்படியே மற்றதன் மேலாக உங்கள் பக்கம் கொண்டுவாருங்கள். அடுத்தது மேலே வரும், அதையும் அப்படியே. பத்து நிமிடத்தில் கை தானாகப் போகும். ஓரத்தில் மடித்ததால் ஒரு புரி முதலில் தீரும். அது தீர்வதற்கு நாலு விரற்கடை முன்பே புது நாரை அதோடு சேர்த்து வைத்து முறுக்குங்கள். இரண்டு புரியும் ஒரே இடத்தில் தீர விட்டால் கயிறு அந்த இடத்தில்தான் அறும்.